மறுமலர்ச்சி என்றால் என்ன? பழஞ்சுவடி தேடியவர்களிடமிருந்து தொடங்கலாம்

1354ஆம் ஆண்டில் பெட்ரார்க் என்ற இத்தாலியக் கவிஞருக்குக் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து ஒரு பரிசு வந்தது. பண்டைய கிரேக்கக் கவிஞர் ஹோமரின் காவியம், மூல கிரேக்கத்தில், கையால் எழுதிய படி. பெட்ரார்க் அப்போது ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்றவர். 1341இல் ரோம் நகரில் அவருக்குக் கவியரசர் என்று மாலை சூட்டியிருந்தார்கள். அப்படிப்பட்டவருக்கு அந்தப் புத்தகத்தைப் படிக்கத் தெரியாது. கிரேக்கம் கற்க முயன்றிருந்தார்; சொல்லிக்கொடுத்தவர் ஊரைவிட்டுப் போனதும் படிப்பு நின்றுவிட்டது. பரிசு அனுப்பியவருக்கு நன்றி சொல்லி எழுதிய கடிதத்தில், உங்கள் ஹோமர் என்னிடம் ஊமையாக இருக்கிறார், இல்லை, அவர் முன் நான்தான் செவிடனாக இருக்கிறேன் என்று வருந்தியிருக்கிறார். ஆனாலும் அடிக்கடி அந்தப் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு பெருமூச்சு விடுவாராம்.

மறுமலர்ச்சிக் காலத்தை யாருக்காவது விளக்க வேண்டியிருந்தால் நான் மோனாலிசாவை விட்டுவிட்டு இந்தப் பெருமூச்சிலிருந்துதான் தொடங்குவேன். ஓவியங்களும் சிலைகளும் பிறகு வந்தவை. முதலில் வந்தது ஒரு ஏக்கம்: நம் முன்னோர் எழுதியவை எங்கோ கிடக்கின்றன, அவற்றைத் தேடிப் படிக்க வேண்டும் என்ற தவிப்பு.

பொதுவாக, 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 16ஆம் நூற்றாண்டின் முடிவுவரை, முதலில் இத்தாலியிலும் பிறகு ஐரோப்பாவின் மற்ற பகுதிகளிலும் கல்வி, கலை, சிந்தனை ஆகியவற்றில் நிகழ்ந்த மாற்றத்தையே மறுமலர்ச்சி என்கிறோம். 1550இல் கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளைத் தொகுத்த வசாரி இதை 'மறுபிறப்பு' என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லால் குறித்தார். ஒரு முழுக் காலகட்டத்துக்கே அந்தப் பெயரைச் சூட்டி நிலைநிறுத்தியவர்கள் 19ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர்கள். தமிழில் 'பிறப்பை' 'மலர்ச்சி' ஆக்கியவர் யாரோ, நல்ல காது உள்ளவர்.

ஏன் இத்தாலி, அதிலும் இந்த மாற்றம் முதலில் வேரூன்றிய நகரம் ஏன் புளோரன்ஸ்? பணம் என்று ஒரே சொல்லில் விடை சொல்லலாம்; ஆனால் அந்தப் பணத்தின் தன்மையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். புளோரன்ஸ் அரசன் இல்லாத நகரம். கம்பளித் துணி வணிகமும் வங்கித் தொழிலும் அதைப் பணக்கார ஊராக்கின. 1252இல் அந்நகரம் வெளியிட்ட 'புளோரின்' என்ற தங்க நாணயம் ஐரோப்பா எங்கும் செல்லுபடியானது. அக்காலத் திருச்சபை வட்டி வாங்குவதைப் பாவம் என்றது. வங்கிக்காரர்கள் வழி கண்டுபிடித்தார்கள். ஓர் ஊரில் ஒரு நாணயத்தில் வாங்கி வேறோர் ஊரில் வேறு நாணயத்தில் திருப்பிக் கொடுக்கும் உண்டியல் முறையில், நாணய மாற்று விகிதத்துக்குள் வட்டியை ஒளித்துவைத்தார்கள். செட்டிநாட்டுக் கணக்கு வழக்கு தெரிந்த வீடுகளில் உண்டியல் என்ற சொல்லை விளக்கவே தேவையில்லை.

1397இல் தொடங்கிய மெடிச்சி வங்கி போப்பின் பணத்தையே கையாண்டது. வங்கியை நிறுவியவரின் மகன் கோசிமோ, 1434 முதல் எந்தப் பெரிய பதவியையும் நிரந்தரமாக வகிக்காமலே நகரத்தைத் தன் கைக்குள் வைத்திருந்தார். வட்டிப் பாவத்துக்குப் பரிகாரமாக மடங்களுக்கும் கோயில்களுக்கும் செலவு செய்தார். சான் மார்க்கோ மடத்தில் அவர் அமைத்த நூலகத்தில் வெளியார் வந்து படிக்கவும் இடம் இருந்தது. பக்தி, பயம், பெருமை எல்லாம் கலந்த அந்தச் செலவில்தான் ஓவியர்களும் சிற்பிகளும் சுவடி தேடுவோரும் பிழைத்தார்கள்.

அந்த வணிகர்கள் கணக்குப் போட்ட எண்களும் கவனிக்க வேண்டியவை. பீசா நகரத்து லியொனார்டோ, பின்னாளில் ஃபிபனாச்சி என்று பெயர் பெற்றவர், வட ஆப்பிரிக்காவில் கற்ற இந்திய எண் முறையை 1202இல் எழுதிய நூலின் வழியாக இத்தாலியில் பரப்பினார். புளோரன்ஸின் பணமாற்றுவோர் சங்கம் 1299இல் கணக்கேடுகளில் அந்த எண்களை எழுதத் தடை விதித்தது. தடை நிற்கவில்லை. சுழியம் சேர்த்து எழுதும் வசதியை ஒருமுறை கண்ட வணிகன் ரோமானிய எண்ணுக்குத் திரும்புவானா?

1348இல் கொள்ளைநோய் வந்து புளோரன்ஸ் மக்களில் ஏறக்குறைய பாதிப் பேரைக் கொண்டுபோனது. மரணத்தை அவ்வளவு நெருங்கிப் பார்த்ததால்தான் மனிதர்கள் இந்த உலக வாழ்வின்மேல் கவனம் திருப்பினார்கள் என்று பாடநூல்கள் சொல்வதுண்டு. எனக்கு அது அவ்வளவு நேரான கணக்காகத் தோன்றவில்லை. கொள்ளைநோய் ஐரோப்பா முழுவதையும் தாக்கியது. சுவடி தேடும் வேட்கை முதலில் பிறந்தது இத்தாலியில். ரோமானியப் பேரரசின் இடிபாடுகள் அங்கே வீட்டு வாசலிலேயே கிடந்தன.

சுவடி தேடியவர்களில் எனக்குப் பிடித்தவர் போஜோ. போப்பின் அலுவலகத்தில் எழுத்தர். 1415இல் ஜெர்மானிய நகரமான கான்ஸ்டன்ஸில் கூடிய திருச்சபைச் சங்கம் அவருடைய எசமானான போப்பையே பதவியிலிருந்து இறக்கிவிட்டது. வேலை போன எழுத்தர் என்ன செய்வார்? சுற்றுவட்டார மடாலயங்களில் ஏறி இறங்கினார். 1416இல் 'கால்' என்ற புனிதரின் பெயரிலான மடத்தின் கோபுரத்தடியில், கொலைக் குற்றவாளியைக்கூட அடைக்கத் தயங்கும் இருட்டறை என்று அவரே வருணிக்கும் இடத்தில், தூசியும் பூஞ்சையும் மூடிய ஒரு தோல் சுவடி கிடைத்தது. ரோமானியக் கல்வியாளர் குவிண்டிலியன் பேச்சுக்கலை பற்றி எழுதிய நூல், முழுமையாக. அதுவரை அறிஞர்கள் கையில் இருந்தது சிதைந்த படிகள்தான். போஜோ ஒரு மாதத்துக்கு மேல் உட்கார்ந்து அதைத் தம் கையாலேயே படி எடுத்தார். மறு ஆண்டு இன்னொரு மடத்தில் லுக்ரீஷியஸ் கிடைத்தார்: உலகம் அணுக்களால் ஆனது, கடவுளர் மனிதர் விவகாரத்தில் தலையிடுவதில்லை என்று கவிதையில் சொன்ன ரோமானியர்.

உ.வே. சாமிநாதையர் ஏடு தேடிய கதையைப் படித்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதாக இருக்கும். அவர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததும், அதைத் தொடர்ந்து சங்க நூல்கள் அச்சில் வந்ததும் சேர்ந்த காலத்தைத் தமிழ் மறுமலர்ச்சி என்று நாமும் சொல்கிறோம். அந்தப் பெயர் பொருத்தமானதுதான். இரண்டு இடத்திலும் வேலை ஒன்றே: தேடுவது, படி எடுப்பது, ஒரு படியோடு இன்னொன்றை ஒப்பிடுவது, எது மூலபாடம் என்று முடிவு செய்வது.

ஒப்பிடுவது என்று சொன்னேனே, மறுமலர்ச்சியின் கூர்மையான கத்தி அதுதான். பழைய நூலை மதித்துத்தான் அவர்கள் ஒப்பிடத் தொடங்கினார்கள். ஆனால் நூறு படிகளை ஒப்பிட்டுப் பார்த்த கண்ணுக்கு, மொழி எந்தக் காலத்துக்கு உரியது என்று தெரிந்துவிடும். அந்தக் கண் எங்கே போய் நிற்கும் என்பதற்கு லத்தீன் அறிஞர் லொரென்சோ வல்லாவின் கதை சான்று.

ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் 4ஆம் நூற்றாண்டில் தம் நோய் தீர்ந்த நன்றிக்காக மேற்குப் பேரரசின் ஆட்சியைப் போப்புக்குத் தானமாகக் கொடுத்தார் என்று ஒரு சாசனம் இருந்தது. போப்புகள் தங்கள் அரசியல் அதிகாரத்துக்கு ஆதாரமாக அதை நூற்றாண்டுக் கணக்கில் காட்டிவந்தார்கள். 1440இல் வல்லா அதை இலக்கண ஆசிரியரின் கண்ணோடு படித்தார். சாசனத்தில் 'சத்ரப்' என்ற பாரசீகப் பதவிப் பெயர் வருகிறது. ரோமானிய அவையில் சத்ரப்புக்கு என்ன வேலை என்று கேட்டார். அரசர் தலையில் அணியும் பட்டத்தைப் பொன்னும் மணியும் கொண்டது என்கிறது சாசனம். கான்ஸ்டன்டைன் காலத்தில் அது துணியாலான பட்டை என்று காட்டினார். கான்ஸ்டான்டிநோபிள் இன்னும் உருவாகாத காலத்துச் சாசனத்தில் அந்நகரம் திருச்சபையின் தலைமைப் பீடங்களில் ஒன்றாக எப்படி இடம்பெற்றது என்று மடக்கினார். சாசனம் பிற்காலத்துப் போலி. இன்றைய அறிஞர்கள் அதை 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கணிக்கிறார்கள்.

வல்லா இதை வெறும் உண்மைப் பற்றால் எழுதினார் என்று நினைத்துவிட வேண்டாம். அப்போது அவருக்குப் படியளந்தவர் அல்போன்சோ மன்னர். நேப்பிள்ஸ் உரிமை பற்றி மன்னருக்கும் போப்புக்கும் தகராறு. கூலிக்கு எழுதியதுதான். ஆனாலும் வாதம் சரியாக இருந்தது. வேடிக்கை என்னவென்றால், சில ஆண்டுகளில் புதிதாக வந்த போப் ஐந்தாம் நிக்கலஸ் இதே வல்லாவை ரோமுக்கு அழைத்து வேலை கொடுத்தார். நல்ல லத்தீன் தெரிந்த ஆளை விட அவருக்கு மனமில்லை.

இந்த ஆட்களை ஆங்கில வழி நூல்களில் 'ஹியூமனிஸ்ட்' என்பார்கள். தமிழில் அதை 'மனிதநேயர்' என்று எழுதிவிடுவது அடிக்கடி நேரும் பிழை. ஏழைகளுக்கு இரங்குவதோடு அந்தச் சொல்லுக்கு நேரடித் தொடர்பு கிடையாது. இலக்கணம், சொற்கலை, கவிதை, வரலாறு, அறவியல் என்ற ஐந்தையும் சேர்த்து 'மானுடப் படிப்பு' என்றார்கள். அதைக் கற்பித்தவர்களே இவர்கள். பல்கலைக்கழகங்களில் கோலோச்சிய தர்க்கத்துக்கும் இறையியலுக்கும் சட்டத்துக்கும் எதிராக, நல்ல குடிமகனாக வாழவும் பேசவும் எழுதவும் இந்தப் படிப்பே வேண்டும் என்றார்கள். கடவுளை மறுத்தவர்கள் இவர்களில் அரிது. மனிதனுக்கு நிலையான இடம் எதுவும் விதிக்கப்படவில்லை, விலங்காகத் தாழவும் தேவராக உயரவும் அவனால் முடியும் என்று 1486இல் எழுதிய இளைஞர் பிக்கோகூட அந்த வாக்கியத்தைக் கடவுளின் வாயில்தான் வைத்தார்.

பழைய நூலோடு இவர்களுக்கு இருந்த உறவைப் புரிந்துகொள்ள மாக்கியவெல்லி 1513 டிசம்பரில் நண்பருக்கு எழுதிய கடிதம் ஒன்று போதும். புளோரன்ஸ் அரசில் வகித்த பதவி பறிபோய், சிறையில் வதைபட்டு, கிராமத்து வீட்டில் ஒதுங்கியிருந்தார். பகலெல்லாம் மரம் வெட்டுவோரோடு தகராறு, சத்திரத்தில் சீட்டாட்டம். மாலையில் வீடு திரும்பியதும் சேறு படிந்த உடையைக் களைந்து அரசவைக்குப் போகிறவர்போல் உடுத்திக்கொண்டு தம் படிப்பறைக்குள் நுழைவார். நான்கு மணி நேரம் பழம் அறிஞர்களோடு பேசுவார், கேள்வி கேட்பார், அவர்கள் விடை சொல்வார்கள். அந்த உரையாடலிலிருந்து ஒரு சிறு நூல் எழுதியிருப்பதாகவும் அதே கடிதத்தில் சொல்கிறார். அரசன் நல்லவனாக இருப்பதைவிட நிலைத்திருப்பது எப்படி என்று ஈவிரக்கமில்லாமல் பேசும் 'இளவரசன்' அது.

கலைக்கு வருவோம். இங்கும் கதை பழமையை அளந்து பார்ப்பதில்தான் தொடங்குகிறது. பொற்கொல்லராகப் பயிற்சி பெற்ற புருனெல்லெஸ்கி, சிற்பி டொனாட்டெல்லோவோடு ரோமுக்குப் போய் இடிபாடுகளைத் தோண்டி அளந்தார்; இரண்டு பேரும் புதையல் தேடுகிறார்கள் என்று ஊரார் நினைத்தார்களாம். புளோரன்ஸ் பேராலயம் 1296இல் தொடங்கப்பட்டு, நடுவில் ஏறத்தாழ 45 மீட்டர் அகலத் திறப்போடு கூரையில்லாமல் நின்றது. அவ்வளவு பெரிய குவிமாடத்தைத் தாங்க மரச்சாரம் அமைப்பது இயலாத காரியம். புருனெல்லெஸ்கி சாரமே இல்லாமல் கட்டலாம் என்றார். உள்ளொன்று புறமொன்றாக இரண்டு ஓடுகள். மீன்முள் வடிவில் செங்கல்லைக் குத்தாகவும் கிடையாகவும் மாற்றி மாற்றிப் பதிக்கும் முறை. அந்தந்த வரிசை இறுகும்வரை கல் உள்ளே சரியாமல் அது பிடித்துக்கொள்ளும். 1420இல் தொடங்கி 1436இல் முடித்தார். இன்றும் உலகின் மிகப் பெரிய செங்கல் குவிமாடம் அதுதான்.

அதே மனிதர்தான் தட்டையான பலகையில் தூரத்தைக் காட்டும் வடிவக் கணக்கையும் செய்து காட்டினார்: இணையாகச் செல்லும் கோடுகள் எல்லாம் தொடுவானத்தில் ஒரு புள்ளியில் கூடும்படி வரைவது. ஓவியர் மசாச்சியோ 1427 அளவில் வரைந்த திரித்துவச் (தந்தை, மகன், தூய ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற கொள்கை) சுவரோவியத்தின் முன் நின்றால் சுவருக்குள் ஓர் அறை திறந்திருப்பதுபோல இருக்கும். 1435இல் அல்பெர்ட்டி இந்த முறையை நூலாக எழுதினார். பார்வை எப்படி வேலை செய்கிறது என்பது பற்றி ஐரோப்பியர்கள் அறிந்திருந்தவற்றில் பெரும்பகுதி, கெய்ரோவில் வாழ்ந்த இபின் அல் ஹைதமின் நூலை லத்தீனில் படித்துக் கற்றது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

லியொனார்டோ டா வின்சியைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். நான் ஒன்று மட்டும் சொல்கிறேன். தம்மை அவர் 'கல்லாதவன்' என்று கூறிக்கொண்டார். லத்தீன் படித்தவர்கள் தம்மை மதிப்பதில்லை என்ற கசப்பு அதில் உண்டு. புத்தகத்தைவிட அனுபவமே என் ஆசான் என்றார். பிணங்களை அறுத்து அவர் வரைந்த படங்கள் வியப்பானவை. ஆனால் அவர் வாழ்நாளில் அவை அச்சேறவில்லை. மருத்துவம் அவற்றால் பயன்பெறாமலே போனது.

அச்சேறியவை என்ன ஆயின என்று பார்த்தால் வேறுபாடு விளங்கும். மைன்ஸ் நகரில் கூட்டன்பர்க் 1455 அளவில் பைபிளை அச்சிட்டார். சுமார் 180 படிகள். அதுவரை ஓர் எழுத்தர் ஒரு படியை மாதக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தார். நூற்றாண்டின் முடிவில் வெனிஸ் ஐரோப்பாவின் பெரிய அச்சு நகரமாகிவிட்டது. அங்கே ஆல்டஸ் மனுத்தியஸ் கிரேக்க நூல்களை வரிசையாக அச்சிட்டதோடு, கையில் எடுத்துச் செல்லும் சிறிய அளவிலும் இலக்கியங்களை வெளியிட்டார். பெட்ரார்க் கட்டிக்கொண்டு பெருமூச்சு விட்ட கிரேக்கம், 150 ஆண்டுகளில் விலைக்கு வாங்கும் பொருளாகிவிட்டது.

நெதர்லாந்து அறிஞர் எராஸ்மஸ் 1516இல் புதிய ஏற்பாட்டைக் கிரேக்க மூலத்தோடு அச்சிட்டார். திரித்துவத்துக்கு ஆதாரமாக மேற்கோள் காட்டப்பட்ட ஒரு வரி தாம் பார்த்த கிரேக்கச் சுவடிகளில் இல்லை என்று விட்டுவிட்டார். எதிர்ப்பு கிளம்பியதும் 1522 பதிப்பில் சேர்த்தார். திருச்சபையை எதிர்த்துக் கிளம்பிய லூதர் புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் பெயர்த்தபோது முன்னால் வைத்திருந்தது எராஸ்மஸின் பதிப்பு. திருச்சபை உடைந்ததற்குப் பல காரணங்கள். மூலத்தைப் பார்க்கலாம் வா என்ற பழக்கமும் அவற்றில் ஒன்று.

மருத்துவத்திலும் இதே வழிதான். 1,300 ஆண்டுகளுக்கு முந்தைய கிரேக்க மருத்துவர் கேலனின் சொல்லே பாடம். வகுப்பில் பேராசிரியர் உயர்ந்த நாற்காலியிலிருந்து நூலை வாசிப்பார். கீழே ஒரு நாவிதர் உடலை அறுப்பார். உடற்கூறு ஆசிரியர் வெசாலியஸ் தாமே கத்தியை எடுத்தார். அவர் கேலனின் எதிரியாகத் தொடங்கவில்லை. வெனிஸில் வெளியான கேலன் பதிப்புக்குப் பாடம் திருத்தியவர்களில் அவரும் ஒருவர். நூலையும் உடலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, மனிதனின் கீழ்த்தாடை கேலன் சொன்னதுபோல் இரண்டு எலும்பாக இல்லாமல் ஒன்றாகவே இருந்தது. கேலன் குரங்கையும் பிற விலங்குகளையும் அறுத்து எழுதியிருக்கிறார் என்று முடிவு செய்தார். அவருடைய பெரிய நூல் 1543இல் வந்தது. பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்ற கோப்பர்நிக்கஸின் நூலும் அதே ஆண்டு. பூமி நகர்வதாகப் பழங்காலத்தில் சிலர் கருதியதைப் பண்டைய எழுத்தாளர்களான சிசரோவிலும் புளுடார்க்கிலும் படித்ததாகக் கோப்பர்நிக்கஸ் முன்னுரையில் எழுதுகிறார்.

இவ்வளவு சொல்லிவிட்டு, இருண்ட காலம் முடிந்து ஒளி பிறந்தது என்ற பழைய கதையை ஒப்புக்கொள்ள முடியாது. 'இருட்டு' என்ற வசவை அந்த நூற்றாண்டுகளின்மேல் முதலில் ஏவியவர்களில் பெட்ரார்க்கும் ஒருவர். அந்த இருட்டில் துறவிகள் படி எடுத்து வைத்திராவிட்டால் போஜோவுக்குக் கோபுரத்தடியில் என்ன கிடைத்திருக்கும்? அரிஸ்டாட்டிலையும் மருத்துவத்தையும் பாக்தாதிலும் கோர்டோபாவிலும் அரபு அறிஞர்கள் வளர்த்து வைத்திருந்தார்கள். 1453இல் கான்ஸ்டான்டிநோபிள் துருக்கியர் கையில் விழுந்ததும் அறிஞர்கள் ஓடிவந்தார்கள், அதனால்தான் மறுமலர்ச்சி என்பதும் தேர்வுக்கு எழுத வசதியான விடை, அவ்வளவே. கிரேக்க அறிஞர் கிரிசொலோராஸ் அங்கிருந்து புளோரன்ஸுக்கு வந்து கிரேக்க வகுப்பு எடுக்கத் தொடங்கியது 1397இல்.

யாருக்கு மலர்ந்தது என்றும் கேட்க வேண்டும். புளோரன்ஸ் நகராட்சி 1425இல் ஒரு நிதியைத் தொடங்கியது: மகள் சிறுமியாக இருக்கும்போது தகப்பன் பணம் கட்டினால், திருமணத்தின்போது வரதட்சிணையாகப் பெருகிக் கிடைக்கும். வரதட்சிணைக்கு வழியில்லாத பெண்கள் பலர் கன்னிமாடத்துக்கு அனுப்பப்பட்டார்கள். கொள்ளைநோயால் வேலைக்கு ஆள் குறைந்ததும், 1363இல் கிறிஸ்தவரல்லாத அடிமைகளை இறக்குமதி செய்ய நகரம் அனுமதி கொடுத்தது. கலைப் புரவலர் கோசிமோவுக்கே அடிமைப் பெண்ணிடம் பிறந்த மகன் உண்டு. நகர்ப்புற ஆண்களில் படித்த ஒரு சிறு கூட்டத்தின் கதை இது என்பதை மறந்துவிட்டுப் படித்தால் பாதிதான் புரியும்.

தமிழுக்கு அதன் அலை கப்பலில் வந்தது. 1578இல் கொல்லத்தில் போர்ச்சுக்கீசியத் துறவி அன்றீக்கு அடிகளார் தமிழ் எழுத்திலேயே அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கங்கள் கொண்டது. இந்திய எழுத்துகளில் அச்சான நூல்களில் நமக்குக் கிடைத்திருப்பவற்றுள் அதுவே முதலாவது. அடிகளார் சார்ந்த இயேசு சபை, தன் பள்ளிகளில் மானுடப் படிப்பைத்தான் அடித்தளமாக வைத்தது. இத்தாலியின் மாந்துவாவுக்கு அருகே 1680இல் பிறந்த பெஸ்கி அந்தச் சபையிலிருந்து வந்து வீரமாமுனிவர் ஆனார். சதுரகராதி தொகுத்தார், திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தார். சிசரோவைப் படித்த முறையிலேயே வள்ளுவரையும் படித்திருப்பார் என்று நினைக்கத் தோன்றுகிறது.

இன்னொரு எச்சம் உங்கள் திரையிலேயே இருக்கிறது. இந்தக் கட்டுரையில் ஆங்காங்கே வரும் அரைப்புள்ளி, இன்றைய வடிவில் முதன்முதலாக 1496இல் ஆல்டஸின் அச்சகத்திலிருந்து வந்த ஒரு லத்தீன் நூலில் தோன்றியது. சாய்வெழுத்தும் அவர் அச்சகத்தில் வடித்ததே. மானுடப் படிப்பாளர்கள் விரைவாக எழுதிய கையெழுத்தின் அச்சு வடிவம். நேராக நிற்கும் 'ரோமன்' எழுத்தோ, போஜோவும் அவருடைய நண்பர்களும் சுவடிகளைப் பார்த்து உருவாக்கிய கையெழுத்திலிருந்து பிறந்தது. அந்தச் சுவடிகள் பண்டைய ரோமானியர் கையால் எழுதியவை என்று நம்பி அப்படியே பின்பற்றினார்கள். உண்மையில் அவை ரோமப் பேரரசு வீழ்ந்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, பேரரசர் சார்லமேன் காலத்திலும் அதற்குப் பின்னும் மடத்துத் துறவிகள் எழுதிய படிகள். வல்லாவின் கண்ணுக்குத் தப்பிய தேதி அது.